கியூபாக்காரர் கடையில் ஒரு தட்டு

சென் லோறன், மொன்றியல், கனடா
12.11.2006

அன்புள்ள துஷாந்தினிக்கு,

நீரும் பிள்ளை சாருகாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நானும் உம்முடைய அண்ணையும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

என் தம்பி பிரணவனை வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதைக் கொழும்பிலிருந்து எங்கள் சொந்தக்காரர் நகுலேஸ்வரன் சொல்லித்தான் அறிந்தோம். யார் வந்தது, என்ன உடுப்போடு போனான், சாப்பிட்டுவிட்டாவது போனானா, ஒன்றும் தெரியாது. உமக்குப் போன் எடுக்கலாமென்றால் லைன் இல்லை. லைன் இருந்தாலும் அதில் கதைப்பது புத்தியில்லை என்கிறார்கள். யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு கடிதம் வந்து சேர ஒரு மாதமாகுமாம். பரவாயில்லை, எழுதுகிறேன். சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேற்றுக் கோயிலில் நேர்த்தி வைத்தேன். தம்பி வந்து முகம் காட்டும்வரை மச்சம் வாயில் வைக்க மாட்டேன். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. மீன்தலை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று உமக்குத் தெரியும். அதனால்தான் அதை வைத்தேன். பிடிக்காததை விட்டால் அது நேர்த்தியா?

அண்ணை, "முருகன் உன்ரை மீன்தலையை வைச்சு என்ன செய்யப்போறார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெண்சாதிக்குத் துணையாக இன்றைக்குத் தானும் பூசணிக்காய்க் கறியோடு இருந்து சாப்பிட்டார். நீரும் நேர்த்தி வைத்துக்கொள்ளும். இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து இழுத்தால் அவன் வராமல் எங்கே போகப்போகிறான்?

பிள்ளைக்கு என் முத்தம்.

உம்முடைய மச்சாள்
யோகராணி


கொக்குவில்
20.12.2006

அன்பு மச்சாளுக்கு,

நீங்களும் அண்ணையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் சாருகாவுக்கும் காய்ச்சல் வந்து இப்போது மாறிவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு எழுதுகிறேன். பின்னேரம். சாருகாவின் சப்பாத்து நாடாவில் முடிச்சு விழுந்திருந்தது, இவர் குந்தியிருந்து அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வான் ஒன்றை நிறுத்திவிட்டு வந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். "ஓம், நான்தான்" என்றார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். நீங்கள் அனுப்பிய சாம்பல் நிறச் சேட் போட்டிருந்தார். அதில் நடுப் பொத்தான் கழன்றுபோய், சாருகாவின் சட்டையிலிருந்த சிவப்புப் பொத்தானை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். "கல்யாண வீட்டுக்கோ போறன், இது காணும்" என்று சொல்லிப் போட்டுக்கொண்டவர். சாப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

முகாம், செஞ்சிலுவை, மனித உரிமைக் கந்தோர் எல்லா இடமும் போய்விட்டேன். எல்லாரும் பெயரைப் பதிகிறார்கள்.

நேர்த்தி நானும் வைத்துவிட்டேன். இங்கே அது கஷ்டமில்லை, மீன் விற்கிற விலைக்கு ஊரே விரதம்தான்.

கடவுள் துணை.

அன்புடன்
துஷாந்தினி


சென் லோறன்
21.1.2007

அன்புள்ள துஷாவுக்கு,

பொங்கலுக்குப் பாலைப் பொங்கவிட்டு, முதல் அகப்பையைத் தம்பியின் பேருக்கு எடுத்து வைத்தேன். உமக்குக் காய்ச்சல் முற்றாக மாறிவிட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடியும். எனக்குப் பிரஷர் கொஞ்சம் கூட என்று டாக்குத்தர் சொன்னார். அதைக் கூட்டினதே அவர் எழுதின மருந்துகள்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே எங்கள் தொகுதி எம்பியின் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை அரைவாசி பிரெஞ்சு, அரைவாசி இங்கிலிஷ், நான் முழுவதும் அழுகை. ஒரு மாதிரி விளங்கிக்கொண்டு தம்பியின் படத்தை வாங்கி வைத்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அடுத்த கிழமையும் போவேன்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் அண்ணையோடு வேலை செய்கிறவர்கள் பன்றி இறைச்சிச் சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அண்ணை சொல்ல எனக்குத் தம்பியின் கள்ளத்தனம் நினைவுக்கு வந்தது. பதினொரு வயதில் தன் கிறிஸ்தவக் கூட்டாளி மரியதாசன் வீட்டு நத்தாருக்குப் போய்ப் பன்றிக்கறி தின்றுவிட்டு, வேப்பமிலை சப்பிக்கொண்டு வந்தான். அம்மா வாயை மணந்து பார்த்தா. "கத்தரிக்காய் திண்டனான்" என்றான். கத்தரிக்காய்க்கு யாராவது வேப்பமிலை சப்புவார்களா? அடி வாங்கியும் ஒவ்வொரு நத்தாருக்கும் போனான். பன்றி தொடாத சைவ வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு நாக்கு. வரட்டும், நானே வாங்கிக் காய்ச்சிக் கொடுக்கிறேன்.

உம்முடைய பதில் வரும்வரை தபால்காரனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சாள்
யோகராணி


கொக்குவில்
25.2.2007

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிரஷர் மருந்தை விடாமல் போடுங்கள். நாங்கள் சுகம்.

புதிதாக எழுத ஒன்றும் இல்லை. மரியதாசன் இடைக்கிடை வந்து பார்த்துவிட்டுப் போவார். சாருகாவை என்னுடைய தாய்மாமன் பேரின்பநாதன் வீட்டில் விட்டிருக்கிறேன். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மச்சாள், நான் ஒன்று சொன்னால் கோபிக்க வேண்டாம். அந்த நேர்த்தியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வருத்தம் இருக்கிறது, குளிர் நாடு. நீங்கள் மீன் சாப்பிடுங்கள். இங்கே நான் ஒருத்தி காப்பது காணும்.

எம்பி கந்தோருக்கும் அலைய வேண்டாம்.

அன்புடன்
துஷாந்தினி


சென் லோறன்
8.4.2007

அன்புள்ள துஷாவுக்கு,

நீர் சுகம், பிள்ளை சுகம் என்று வாசித்து ஆறுதல். அதற்குக் கீழே வாசித்ததில் அந்த ஆறுதல் போய்விட்டது. இரண்டு நாள் மனதுக்குள் உம்மோடு சண்டை பிடித்தேன். அவன் உமக்குப் புருஷன். எனக்கு அவன் தம்பி, நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. நேர்த்தியை விடு என்று நீர் எப்படி எழுதலாம்? நம்பிக்கை விட்டுப் போனால் அதை உமக்குள் வைத்துக்கொள்ளும், எனக்கு அனுப்ப வேண்டாம்.

சரி. கோபத்தை எழுதிவிட்டேன், போய்விட்டது. இனி நல்ல செய்தி.

அண்ணையோடு பெட்டி அடுக்குகிற கியூபாக்காரன் றவுல் என்று ஒருவன். அவனுடைய தம்பியை அந்த நாட்டிலிருந்து எடுப்பிக்கப் பல வருடமாக முயன்று, போன மாதம்தான் வந்து இறங்கினான். அந்தச் சந்தோசத்துக்கு எல்லாரையும் ஒரு கியூபாக்காரர் சாப்பாட்டுக்கடைக்குக் கூப்பிட்டான். நான் வரமாட்டேன் என்றேன். அண்ணை சொன்னார்: "ஒருத்தன்ரை தம்பி வந்து இறங்கின சந்தோசத்துக்குப் போகாட்டி, எங்கடை ஆள் வரேக்க ஆர் வருவினம்?" அது எனக்குச் சரியாகப் பட்டது. சேலையை உடுத்து, அதன்மேல் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

வெளியே உறைபனி, உள்ளே மஞ்சள் சுவர். ஒரு மேளக்காரன் இரண்டு கையாலும் அடித்த அடியில் மேசையில் கிளாசுகள் குதித்தன. எனக்குத் தலையிடி வரப்போகிறது என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டைப் பார்த்தேன். துஷா, மரவள்ளிக்கிழங்கு! அவித்து, உள்ளி போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு வைத்திருந்தார்கள். பழுத்த வாழைப்பழம் பொரித்தது. சோறு, அதற்குக் கறுத்த அவரைக்கொட்டைக் குழம்பு. இறைச்சி மீன் எல்லாம் தனித்தனித் தட்டில் தூரத்தில் இருந்தது. அவரைக்கொட்டையில் இறைச்சி போட்டதா என்று அண்ணையைக் கொண்டு கேட்டேன். இல்லை, கொட்டை மட்டும்தான் என்றார்கள்.

நான் ஒரு பிடியோடு நிறுத்தப் பார்த்தேன். றவுலின் தம்பி எழும்பி வந்தான். மெலிந்த பொடியன், கையில் இன்னும் வெயில் நிறம். அவனே அகப்பையால் என் தட்டில் இன்னும் வைத்துவிட்டு, சாப்பிடு என்று கையால் காட்டினான். வந்து சேர்ந்த தம்பியின் கையால் வைக்கிற சோற்றை எப்படி மறுப்பது? இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். ஐந்து மாதத்தில் முதல் தரம் வயிறு நிறைந்தது. திரும்பி வரும்போது மெத்றோ ரயிலில் எனக்கு நல்லாய்த் தெரிந்தது, தம்பி வருகிறான். அன்றைக்கு மார்ச் 24, குறித்து வைத்துக்கொள்ளும். அன்றைக்கு அங்கே ஏதாவது நடந்ததா என்று எழுதும்.

அந்தக் குழம்பின் செய்முறையை றவுலிடம் கேட்டு உமக்கு அனுப்புகிறேன். நிவாரணத்தில் வருகிற கடலையிலும் செய்யலாம்போல இருக்கிறது.

கோபித்தது மறக்கவும். மறக்காவிட்டாலும் பதில் எழுதவும்.

மச்சாள்
யோகராணி


கொக்குவில்
14.5.2007

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டது எனக்குச் சந்தோசம். றவுலின் தம்பி சாப்பாடு வைத்த இடத்தைச் சாருகாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவ அந்தக் கடையில் மேளம் அடிக்கிறவர் சாப்பிடுவாரா என்று கேட்டா.

நான் கோபிக்கவில்லை. நீங்கள் திட்டியது நல்லது.

மார்ச் 24 இங்கே ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை. கிணற்றடி துப்புரவாக்கினேன்.

செய்முறையை அனுப்புங்கள். இன்னும் இன்னும் அப்படிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதம் வருகிற நாள் எனக்கு நல்ல நாள்.

பிரஷர் எப்படி இருக்கிறது?

அன்புடன்
துஷாந்தினி


சென் லோறன்
17.6.2007

அன்புள்ள துஷாவுக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் வந்துவிட்டது.

செய்முறை கிடைக்கவில்லை. அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தம்பியைப் பற்றி ஏதாவது தெரிந்தால், கெட்டதாக இருந்தாலும், மார்ச் 24க்கு முன்னமா பின்னமா என்று எழுதும். வேறொன்றும் கேட்கவில்லை.

யோகராணி


சென் லோறன்
15.7.2007

தங்கச்சி துஷாந்தினிக்கு,

அரியரத்தினம் எழுதுவது. நீரும் பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, வீட்டில் எழுத்து வேலையெல்லாம் உம்முடைய மச்சாள்தான். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது.

அவள் சாப்பிடுகிறாளில்லை. உப்பில்லாத கஞ்சி ஒரு நேரம், வெறும் தேத்தண்ணி. மெத்றோ படியில் மயங்கி விழுந்து ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். கந்தசஷ்டியோடு கஞ்சியையும் விடப்போகிறாளாம். நாற்பது கிலோவுக்கு வந்துவிட்டாள்.

காரணம் நான். உமக்குச் செய்முறை அனுப்ப வேண்டும் என்று என்னை நச்சரித்தாள். ஒரு மத்தியானம் றவுலைக் கேட்டேன். முதலில் பன்றிக்கால் எலும்பையும் கொழுப்பையும் போட்டு அவிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கொட்டை தொண்டையில் இறங்காது என்றான். அன்றைக்கு இறைச்சி இல்லை என்று சொன்னீர்களே என்றேன். அது இறைச்சியா, வாசத்துக்குப் போட்டு எலும்பை எடுத்துவிடுவோமே என்றான். அவனில் பிழையில்லை. எங்களுக்குக் கருவேப்பிலை மாதிரி அவர்களுக்கு அது. நான் ஒரு மடையன், வாயைப் பொத்திக்கொண்டிருக்காமல் பகிடி என்று நினைத்து வீட்டில் வந்து சிரித்துச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நான் என்ரை தம்பியைத் திண்டிட்டன்" என்றாள். ஒரு தட்டு இல்லை, இரண்டு தட்டு என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். தெரியாமல் செய்தது குற்றமில்லை என்று ஐயர் வந்து சொன்னார். பிரசாதத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவரை அனுப்பினாள்.

தங்கச்சி, அவனைக் கண்டதாக, உயிரோடு இருப்பதாக ஒரு சொல் எழுதும். பொய்யென்றாலும் பரவாயில்லை. அவளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பிழை பொறுக்கவும்.

அரியரத்தினம்


கொக்குவில்
26.8.2007

அன்பு மச்சாளுக்கு,

இந்தக் கடிதம் உங்களிடம் வரும்போது நீங்கள் எழுந்து இருந்து வாசிக்கிற சுகத்தோடு இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிலோமினம்மா தன்னுடைய மகனிடம் மொன்றியலுக்கு வருகிறா. அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போடக்கூடியது இல்லை, கடிதங்கள் உடைத்து ஒட்டித்தான் வருகின்றன. வாசிக்கும்போது அண்ணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை ஒரு பொய் எழுதச் சொன்னார். பொய்தான் இவ்வளவு நாளும் எழுதினேன். அது உங்களைக் காப்பாற்றவில்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள் மரியதாசன் வந்து என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். ஆசுபத்திரிப் பிணவறை. முகம் பார்க்கிற மாதிரி இல்லை. சாம்பல் நிறச் சேட். நடுவில் சிவப்புப் பொத்தான்.

பக்கத்தில் நின்றவர், "உங்கடை ஆளோ?" என்று கேட்டார். அதற்கு முந்தின கிழமை இப்படி ஓம் என்று சொல்லி உடலைக் கொண்டுபோன ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஆட்கள் வந்து அவளுடைய தமையனையும் கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் சாருகாவும் என் அப்பாவும் இருந்தார்கள்.

"இல்லை" என்று சொன்னேன் மச்சாள். என்னுடைய வாயால், இவர் என்னுடைய ஆள் இல்லை என்று சொன்னேன். அழாமல் வெளியே வந்தேன். மரியதாசன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் ஏறினேன். வேறு ஆட்களோடு சேர்த்து அவரைப் புதைத்தார்கள். இடம் மரியதாசனுக்குத் தெரியும்.

நீங்கள் அந்தக் கடையில் சாப்பிட்டது அதற்கு ஏழு கிழமைக்குப் பிறகு. உங்கள் நேர்த்தி உடைந்து இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் யாரையும் தின்னவில்லை. நான்தான் அவரை இல்லை என்றேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். பயம் ஒரு பாதி. மறுபாதி, நீங்கள் ஒருவராவது அவரை உயிரோடு வைத்திருந்தீர்கள். உங்கள் கடிதம் வருகிற நாளில் நானும் புருஷன் இருக்கிறவளாக இருந்தேன். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

பொட்டும் தாலியும் அப்படியே இருக்கின்றன, கழற்றினால் கேள்வி வரும். செத்த வீட்டு மேளம் இல்லை, ஒரு பூ இல்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்த மச்சமெல்லாம் காய்ச்சிப் படைத்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரியாமல் எப்படிக் காய்ச்சுவது? படைக்காமல் நான் எப்படித் தின்பது? நான் நேர்த்தி காக்கிறேன் என்று அயல் நினைக்கிறது. நான் சாவுத் துடக்குக் காக்கிறேன்.

பதிலில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். சாப்பிடுங்கள் மச்சாள். அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

துஷாந்தினி


சென் லோறன்
14.10.2007

அன்புள்ள துஷாவுக்கு,

நீரும் சாருகாவும் உம்முடைய அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் எழுந்து நடமாடுகிறேன். பிலோமினம்மா கையில் நீர் கொடுத்துவிட்டது கிடைத்தது. அண்ணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரித்தேன்.

அது கிடைத்து எட்டாம் நாள், நேற்று, இருவரும் அந்தக் கியூபாக்காரர் கடைக்குச் சாப்பிடப் போனோம். சாப்பாட்டுக் கதை எழுது என்று நீர் முன்னம் கேட்டபடியால் எழுதுகிறேன்.

மூன்று தட்டுப் போடச் சொன்னோம். சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, பன்றி இறைச்சி பொரித்தது, மரவள்ளி, வாழைப்பழம், எல்லாவற்றிலும் மூன்று பங்கு. மூன்றாவது தட்டில் நானே என் கையால் வைத்தேன். நல்ல துண்டாகப் பார்த்து வைத்தேன். தண்ணீரும் வார்த்து வைத்தேன். கடையில் சனம் கூட, பரிமாறுகிற பிள்ளை வந்து, ஆளில்லாத கதிரைதானே என்று அதை மற்ற மேசைக்கு எடுக்கப் பார்த்தாள். அண்ணை கதிரையில் கையை வைத்தார். தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில், ஆள் வருகிறார் என்று சொன்னார்.

பிறகு மேளக்காரன் தொடங்கினான். போன தரத்தைவிடப் பலமாக அடித்தான். அந்தச் சத்தத்துக்குள் யார் என்ன செய்தாலும் யாருக்கும் கேட்காது. நான் வாயைத் திறந்து அழுதேன், துஷா. எனக்காகவும் அழுதேன், உமக்காகவும் அழுதேன். நீர் சைக்கிளில் ஏறினபோது அழாததையும் சேர்த்து அழுதேன். அண்ணை மேசைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். மேளம் நின்றபோது நானும் நிறுத்திவிட்டேன்.

அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு அதிலிருந்ததை நாங்கள் இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். ஒரு கொட்டை மிச்சம் விடவில்லை. பன்றி எனக்குப் பழக்கமில்லை. ருசியாகத்தான் இருக்கிறது. இதற்காக வேப்பமிலை சப்பலாம்.

செய்முறை அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். கொட்டையை முதல் நாள் ஊறவிடும். பன்றி எலும்பும் கொழுப்பும் போட்டு நல்லாய் அவியவிட்டு, எலும்பை எடுத்துவிடும். வெங்காயம், உள்ளி, மாளு மிளகாய், கொஞ்சம் சீரகம் வதக்கிப் போடும். உப்பைக் கடைசியில் போடும், முதலில் போட்டால் கொட்டை அவியாது. எலும்பு மரியதாசன் வீட்டில் எடுக்கலாம். அவருக்கும் ஒரு பங்கு கொடும்.

அது கிடைக்காவிட்டால் மீன் வாங்கும். இங்கே எல்லாம் குறையில்லாமல் முடிந்துவிட்டது, இனி நீர் மச்சம் காய்ச்சலாம். நான் மூத்தவள், சொல்கிறேன், காய்ச்சும். சாருகாவுக்கு முள்ளைப் பார்த்து எடுத்துக் கொடும்.

மச்சாள்
யோகராணி